மாவீரர் கதைகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



கியா பார்ம் பகுதியில் பொழுது சாயும் முன்பே மூடுபனி இறங்கிவிடும். தேயிலைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் வேலை முடிந்து வீடு திரும்பும் பெற்றோர், கைகால் கழுவி ஒரு குவளை தேநீர் குடித்து உட்காரும் நேரம் அது. அந்த நேரத்தில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலான வீடுகளில் தொலைக்காட்சியின் முன்னாலோ கைப்பேசியின் முன்னாலோ இருக்கிறார்கள். இதில் புதுமை ஒன்றுமில்லை.

ஆனால் அண்மையில் ஒரு தாயார் பள்ளிக்கு வந்து கேட்ட கேள்வி நம்மைச் சற்றுச் சிந்திக்க வைத்தது. தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்பவர் அவர். "சார், என் மகன் ஒரு படம் பார்த்தான். சரி, முடிஞ்சதுன்னு நெனைச்சேன். இல்லம்மா, இன்னொரு படம் பார்த்தாத்தான் இது புரியும்ங்கிறான். அதுக்கு முன்னால ஒரு தொடரும் பார்க்கணுமாம். முடிவே இல்லாத இது என்ன கதை சார்? எங்களைத்தான் ஏமாத்துறானா?" என்று கேட்டார்.

மகன் ஏமாற்றவில்லை. அவன் சொன்னது உண்மைதான். அப்படிப்பட்ட கதைகள் இன்று உலகெங்கும் எடுக்கப்படுகின்றன. அவை எப்படிப்பட்டவை, அவற்றால் நன்மை என்ன, எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் எது என்பதைப் பற்றித்தான் இன்றைய உரையில் பேச விரும்புகிறோம்.

முதலில், இந்த ஏற்பாடு என்னவென்று பார்ப்போம். நம் தோட்டத்து லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை உண்டு. முதல் வீட்டில் நடப்பது வேறு, கடைசி வீட்டில் நடப்பது வேறு. ஆனால் எல்லாரும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தவர்கள். ஒரே மாரியம்மன் கோயில் திருவிழாவில் கூடுகிறவர்கள். முதல் வீட்டுக் கதையைச் சொல்லும்போது கடைசி வீட்டுப் பாட்டி நடுவில் வந்து போவார். அவருடைய கதை தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தில் கூடுதலாக ஒரு பொருள் விளங்கும். தெரியாதவர்களுக்கு அவர் யாரோ ஒரு பாட்டி, அவ்வளவுதான். இதைப் போலவே தனித்தனியான பல படங்களையும் தொடர்களையும் ஒரே உலகத்தில் நடப்பவையாக அமைப்பதைப் பொதுக் கதையுலகம் எனலாம்.

இந்த முறையில் உலகம் முழுவதும் பெயர் பெற்றவை அமெரிக்காவின் மார்வெல் நிறுவனப் படங்கள். 2008ஆம் ஆண்டில் அயர்ன் மேன் என்ற படம் வெளிவந்தது. படம் முடிந்து, பணியாற்றியவர்களின் பெயர்களெல்லாம் ஓடி முடிந்த பிறகு, ஒரு சிறு காட்சி வந்தது. நிக் ஃபியூரி என்பவர் தோன்றி, மாவீரர்களை ஒன்று சேர்க்கும் ஒரு திட்டத்தைப் பற்றிப் பேசினார். எழுந்து போனவர்கள் அதைப் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள், இன்னும் ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துகொண்டார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2012இல், அவெஞ்சர்ஸ் என்ற படத்தில் வெவ்வேறு படங்களின் வீரர்கள் ஒரே இடத்தில் கூடினார்கள். 2019இல் வந்த அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் இந்த வரிசையில் 22ஆம் படம்.

படங்களை ஒன்றோடொன்று இணைப்பது ஒரு வேலை. படத்தையும் தொலைக்காட்சித் தொடரையும் இணைப்பது அதைவிடக் கடினமான வேலை. ஒரு படம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். தொடரோ வாரந்தோறும் வர வேண்டும். இரண்டையும் எழுதுபவர்கள் வேறு, எடுப்பவர்கள் வேறு.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். 2012ஆம் ஆண்டுப் படத்தில் கோல்சன் என்ற அதிகாரி எதிரியின் கையால் இறந்துவிடுகிறார். 2013இல் தொடங்கிய ஏஜென்ட்ஸ் ஆப் ஷீல்டு என்ற தொடரில் அதே கோல்சன் உயிரோடு வந்து தலைவராக நிற்கிறார். எப்படிப் பிழைத்தார் என்பதே அத்தொடரின் முதல் புதிர். 2014 ஏப்ரலில் வெளியான ஒரு கேப்டன் அமெரிக்கா படத்தில், ஷீல்டு என்ற அந்த அமைப்பின் உள்ளேயே எதிரிகள் புகுந்திருப்பது தெரியவந்தது. படம் வந்த சில நாள்களிலேயே தொலைக்காட்சித் தொடரின் கதையும் அதற்கேற்பத் திரும்பியது. நேற்று வரை நண்பனாக இருந்தவன் இன்று எதிரியானான். பார்த்தவர்கள் வியந்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்தில் நடந்தது தொடரைப் பாதித்தது. தொடரில் நடந்தது படங்களைத் தொடவே இல்லை என்று சொல்லலாம். தொடர் 2020இல் முடியும் வரை, கோல்சன் உயிரோடிருக்கும் செய்தி பெரிய திரையின் வீரர்களுக்கு எட்டியதாக எந்தப் படத்திலும் காட்டப்படவில்லை. பெரிய வீட்டுக்காரர் சிறிய வீட்டுக்காரரின் நலம் விசாரிக்காமல் போவது போன்ற உறவு அது. மேல்நிலைப் படிப்புப் படிக்கும் பிள்ளைகள் சிலர் இதை நம்மிடம் ஒரு குறையாகவே சொன்னார்கள். அவர்கள் எவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறார்கள் என்பது அப்போது நமக்கு விளங்கியது.

அமெரிக்காவைப் பற்றிப் பேசியது போதும். நம் மலேசிய நாட்டிலேயே இப்படிப்பட்ட கதையுலகம் ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். அதுதான் போபோய்பாய்.

2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டிவி3 அலைவரிசையில் போபோய்பாய் கேலிச்சித்திரத் தொடர் தொடங்கியது. அதைத் தயாரித்தது அனிமோன்ஸ்தா என்னும் மலேசிய நிறுவனம். பள்ளி விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்குப் போகிற ஒரு சிறுவனின் கதை அது. தாத்தாவின் பெயர் தோக் அபா. அவர் ரிந்திஸ் தீவில் கொக்கோ பானம் விற்கும் ஒரு சிறு கடை வைத்திருக்கிறார். அங்கே ஓச்சோபோட் என்னும் உருண்டை வடிவ இயந்திரம் சிறுவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் அபூர்வ சக்திகளைத் தருகிறது. அந்த நண்பர்களில் யாயா மலாய்ப் பெண், யிங் சீனப் பெண், கோபால் நம் இந்தியப் பையன். கோபாலுக்குக் கிடைத்த சக்தி என்ன தெரியுமா? பொருள்களை உணவுப் பண்டமாக மாற்றும் சக்தி! எப்போதும் பசியோடு இருக்கும் நம் பிள்ளைகள் சிலருக்கு அவனை மிகவும் பிடித்துப் போனதில் வியப்பில்லை.

தொலைக்காட்சியில் தொடங்கிய இந்தக் கதை 2016 மார்ச்சில் பெரிய திரைக்கு வந்தது. ஓச்சோபோட்டை வேற்றுக்கிரகவாசிகள் கடத்திச் செல்கிறார்கள். நண்பர்கள் மீட்கப் போகிறார்கள். அதே ஆண்டு நவம்பரில் போபோய்பாய் கேலக்ஸி என்ற புதிய தொடர் வந்தது. கதை தீவை விட்டு விண்வெளிக்குச் சென்றது. 2019இல் வந்த இரண்டாம் படம் அந்த விண்வெளிக் கதையோடு இணைந்தது. ஆக, தொடர், படம், தொடர், படம் என்று கதை மாறி மாறி நடந்தது.

அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் நம் உரைக்கு மிகவும் வேண்டியது. 2021 டிசம்பரில் மெக்காமாத்தோ என்ற வேறொரு தொடரைத் தொடங்கினார்கள். அமாத்தோ என்ற சிறுவனும் மெக்காபோட் என்ற இயந்திரமும் சேர்ந்து ஒரே வீரனாக மாறுகிறார்கள். வீட்டில் கிடக்கும் சாதாரணப் பொருளையும் அவர்கள் நவீனக் கருவியாக மாற்றிவிடுவார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதுவும் படமாக வந்தது. இந்த அமாத்தோ யார்? போபோய்பாயின் தகப்பனார்! மகன் கதை முதலில் வந்தது. பத்து ஆண்டுகள் கழித்துத் தகப்பனின் இளமைக் கதை வந்தது. பின்னால் சொல்லப்பட்டது, முன்னால் நடந்தது. இந்த வரிசை மாற்றத்தைப் பத்து வயதுப் பிள்ளை எளிதில் புரிந்துகொள்கிறது. இறந்தகாலத்தையும் எதிர்காலத்தையும் இலக்கணப் பாடமாக நடத்தும்போது கொட்டாவி விடுகிற பிள்ளைதான் அது!

இப்போது பெரியவர்களைக் கேட்கிறோம். இது உங்களுக்குப் புதிதா?

உங்கள் பாட்டி அல்லி அரசாணி கதை சொன்னதில்லையா? மதுரையை ஆண்ட அல்லி, ஆணுக்கு அடங்காத அரசி. பாரதத்து அர்ச்சுனன் மதுரைக்கு வந்து, கண்ணனின் துணையோடு மாயம் பல செய்து அவளை மணந்தான். வியாச பாரதத்தில் அல்லி என்ற பெயரே இல்லை. தமிழ்நாட்டு மக்கள் அர்ச்சுனனைத் தங்கள் ஊருக்கு அழைத்து வந்து, தங்கள் அரசியோடு சேர்த்துக் கதை கட்டினார்கள். கதை அதோடு முடிந்ததா? இல்லை. அல்லிக்கும் அர்ச்சுனனுக்கும் பிறந்த புலந்திரன் விளையாடப் பவளத்தேர் வேண்டும் என்று அழுதான். பவளம் தேடிப் புறப்பட்ட அர்ச்சுனன் பவளக்கொடியைக் கண்டான். அது பவளக்கொடி மாலை என்னும் இன்னொரு கதையாயிற்று. புலந்திரனுக்கும் தனியாக ஒரு மாலை உண்டு.

இவையெல்லாம் பெரிய எழுத்துப் புத்தகங்களாக அச்சாயின. கூத்தாகவும் நாடகமாகவும் நடந்தன. 1934ஆம் ஆண்டில் பவளக்கொடி திரைப்படமாகவும் வந்தது. தியாகராஜ பாகவதர் நடித்த முதல் படம் அதுவே. புத்தகம், மேடை, திரை என்று ஒரே கதையுலகம் மூன்று இடங்களில் உலவியது. இதில் எந்தக் கதையையும் தனியாகக் கேட்கலாம். எல்லாம் தெரிந்தவர்களுக்குச் சுவை இன்னும் கூடும். பிள்ளைகள் இன்று பார்ப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு?

இளைஞர்களாக இருக்கும் தகப்பன்மார்களுக்கு இன்னும் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2019இல் வந்த கைதி படத்தில் காவல் நிலையத்தைக் காப்பாற்றப் போராடும் நெப்போலியன் என்ற காவலரைப் பார்த்திருப்பீர்கள். 2023இல் வந்த லியோ படத்திலும் அவரே வந்தபோது திரையரங்கில் கைதட்டல் எழுந்தது. நடுவில் 2022இல் வந்த விக்ரம் படமும் கைதியோடு பின்னப்பட்டது. அது மட்டுமா? 1986ஆம் ஆண்டு விக்ரம் படத்தில் கமல்ஹாசன் ஏற்ற உளவு அதிகாரி வேடத்தையும் அது நினைவூட்டியது. இவை மூன்றும் வெட்டும் குத்தும் நிறைந்த படங்கள். சிறு பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல. ஆனால் "இவன்தான் அந்தப் படத்துல வந்தவன்" என்று நாம் திரையைக் காட்டி மகிழ்ந்தோம் அல்லவா? பிள்ளைகள் மகிழ்வதும் அந்த மகிழ்ச்சியே.

அப்படியானால் கவலைப்பட ஒன்றுமில்லையா? கவலைப்பட வேண்டியது உண்டு. அதையும் சொல்லிவிடுகிறோம்.

பாட்டி கதை சொன்னபோது கதையின் நூல் பாட்டியின் கையில் இருந்தது. பிள்ளைக்குத் தூக்கம் வந்தால் நிறுத்தினார். பயந்தால் கதையை மாற்றினார். "புலந்திரன் யாரு?" என்று கேட்டால், அந்த இடத்திலேயே சொன்னார். அதற்குக் காசு கேட்கவில்லை. இன்று நூலின் முனை ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. புலந்திரன் யார் என்று தெரிய வேண்டுமானால் அடுத்த படத்துக்குச் சீட்டு வாங்க வேண்டும், அல்லது மாதச் சந்தா கட்ட வேண்டும்.

2021இல் வாண்டாவிஷன் என்ற தொடர் கட்டணம் செலுத்திப் பார்க்கும் இணைய அலைவரிசையில் வந்தது. துயரம் தாங்காத ஒரு பெண், தனக்கென ஒரு கற்பனைக் குடும்பத்தையே உண்டாக்கிக்கொள்கிறாள். 2022இல் வந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்தில் அதே பெண் தன் பிள்ளைகளைத் தேடிக் கொடியவளாக மாறி நிற்கிறாள். சந்தா கட்டித் தொடரைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரிந்தது. படத்தை மட்டும் பார்த்தவர்களோ, நல்லவளாக இருந்தவள் ஏன் இப்படி ஆனாள் என்று குழம்பினார்கள். ஒரு கதையைப் புரிந்துகொள்ள இன்னொரு கதைக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது.

நேரக் கணக்கையும் பாருங்கள். முன்பு சொன்ன 22 படங்களையும், படத்துக்கு இரண்டு மணி நேரம் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், 44 மணி நேரம் ஆகிறது. நம் நாட்டுச் சட்டப்படி 2023 முதல் ஒரு தொழிலாளியின் வார வேலை நேரத்தின் உச்ச அளவு 45 மணி. அதாவது ஒரு தகப்பனார் ஒரு வாரம் முழுதும் உழைக்கும் நேரத்தை அந்த ஒரு கதைக்கே கொடுக்க வேண்டும். தொடர்களைச் சேர்த்தால் கணக்கு எங்கோ போய் நிற்கும். எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளை நினைக்கத் தொடங்கினால், அங்கே பெற்றோர் குறுக்கிடத்தான் வேண்டும்.

ஆனால் எப்படிக் குறுக்கிடுவது? கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டால் போதுமா? இதற்கு நம் வகுப்பில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம்.

நான்காம் ஆண்டில் ஒரு மாணவன். தகப்பனார் காய்கறி லாரி ஓட்டுபவர். இரவில் புறப்பட்டு விடியற்காலையில் திரும்புகிறவர். பையன் கட்டுரை எழுதினால் மூன்று வரிக்கு மேல் போகாது. 'என் குடும்பம்' என்ற தலைப்புக்கும் மூன்றே வரிதான் எழுதினான். "படம் பார்த்துப் பார்த்தே கெட்டுப் போனான் சார்" என்று தகப்பனார் வருந்தினார்; கைப்பேசியையும் வாங்கி வைத்துவிட்டார். பையன் பேச்சையே குறைத்துக்கொண்டான். நாமும் முதலில் தகப்பனாரின் பக்கமே பேசினோம் என்பதை மறைக்கவில்லை.

ஒரு நாள் நோட்டுகளைத் திருத்தும்போது அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்க்க நேர்ந்தது. பக்கம் நிறைய வட்டங்கள், வட்டங்களுக்கிடையே கோடுகள். நடுவில் போபோய்பாய். மேலே தாத்தா, தகப்பன். ஒரு பக்கம் தொடர்கள், மறுபக்கம் படங்கள், வந்த ஆண்டு வரிசையில். சில இடங்களில் முழுக்கோடும் சில இடங்களில் புள்ளிக்கோடும் போட்டிருந்தான்.

"இது ஏன் புள்ளிக்கோடு?" என்று கேட்டோம்.

"அது நடந்துச்சின்னு சொல்றாங்க சார். ஆனா நமக்குக் காட்டல. அதான்" என்றான்.

நேயர்களே, காட்டியது எது, சொல்லக் கேட்டது எது என்று பிரித்தறிவது சாதாரணத் திறன் அல்ல. செய்தித்தாள் படிக்கும் பெரியவர்களுக்கும் அது வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நமக்குக் கற்பித்த பாடங்களில் ஒன்று, பிள்ளை அறிந்ததிலிருந்து அறியாததற்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது. இந்தப் பிள்ளை எதை அறிந்திருக்கிறான் என்று பார்க்கவே நாம் மறந்திருந்தோம்.

மறுநாள் அவனிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "இதே மாதிரி உன் குடும்பத்தை வரைந்து கொண்டு வா. உனக்கு நன்றாகத் தெரிந்தால் முழுக்கோடு. யாரோ சொல்லிக் கேட்டிருந்தால் புள்ளிக்கோடு" என்றோம். கொண்டு வந்தான். அப்பா, அம்மா, தம்பி, பாட்டி வரையில் முழுக்கோடு. அதற்கு மேல் எல்லாம் புள்ளிக்கோடு. அதற்கும் மேலே வெற்று வட்டங்கள், பெயரே இல்லை. கேலிச்சித்திரக் குடும்பத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்த அளவுகூடத் தன் சொந்தக் குடும்பத்தைப் பற்றித் தெரியவில்லை. அவனையே அது உறுத்தியிருக்கிறது.

அன்று மாலை தாளை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போயிருக்கிறான். அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். இப்போது முழங்கால் வலியோடு வீட்டில் இருப்பவர். "பாட்டி, உங்க அப்பா யாரு? எங்கேருந்து வந்தாரு?" என்று கேட்டானாம். நெடுநாளாக யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. தம் தகப்பனார் தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் என்றும், மலையில் வேலை இருக்கிறதென்று கேள்விப்பட்டுக் குடும்பத்தோடு ஏறி வந்தவர் என்றும் சொன்னார். வந்த புதிதில் குளிர் தாங்காமல் இரவெல்லாம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்ததையும் சொன்னார்.

பிறகு பையன் தன் கதையைப் பாட்டிக்குச் சொல்லியிருக்கிறான். போபோய்பாயின் தகப்பன் கதை பிறகுதான் வந்தது என்று விளக்கியிருக்கிறான். "இதென்ன பெரிய அதிசயம்? அர்ச்சுனன் கதைக்குள்ள அல்லி கதை, அல்லி கதைக்குள்ள பவளக்கொடி கதை" என்று பாட்டி தொடங்கிவிட்டார். மூன்று இரவுகள் கதை நடந்ததாம். அடுத்த வாரம் அவன் எழுதிய கட்டுரை ஒன்றரைப் பக்கம் வந்தது. எழுத்துப்பிழைகள் இருந்தன. ணகரமும் னகரமும் இடம் மாறியிருந்தன. ஆனால் சொல்வதற்கு அவனிடம் செய்தி இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். கணிதத்தில் அவன் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறான். வெற்று வட்டங்களில் சில வெறுமையாகவே நின்றுவிட்டன. பாட்டியின் அக்காளுக்குத் தெரிந்திருக்குமாம். அவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். அந்த வட்டங்களை நிரப்ப இனி ஆளில்லை. தகப்பனார் கைப்பேசியைச் சனிக்கிழமைகளில் மட்டும் கொடுக்கிறார். அது நல்ல ஏற்பாடு என்றே நாமும் கருதுகிறோம்.

இந்த அனுபவத்திலிருந்து நாம் கற்றுக்கொண்டவற்றைப் பெற்றோருக்குச் சொல்கிறோம்.

முதலாவது, பிள்ளை பார்க்கும் படத்தின் வயதுக் குறியீட்டைப் பாருங்கள். மாவீரர் படம் என்றாலே சிறுவர் படம் என்று எண்ணிவிடக்கூடாது.

இரண்டாவது, பிள்ளை எதைப் பார்த்தாலும் அதைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் செய்யுங்கள். சமைக்கும்போது கேட்கலாம், துணி மடிக்கும்போது கேட்கலாம். "அவன் யாரு? ஏன் அப்படிச் செஞ்சான்? இதுக்கு முன்னால என்ன நடந்துச்சு?" என்ற மூன்று கேள்விகள் போதும். மலாயிலோ ஆங்கிலத்திலோ பார்த்ததைத் தமிழில் சொல்வது, நல்ல மொழிப்பயிற்சி. கதை நமக்குப் புரியாவிட்டாலும் பாதகமில்லை. புரிய வைப்பது பிள்ளையின் வேலை. அதில்தான் பிள்ளை வளரும்.

மூன்றாவது, அடுத்த பகுதியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், உடனே ஆம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். "அடுத்து என்ன நடக்கும்னு நீ நெனைக்கிறே? எழுதிக் காட்டு" என்று சொல்லுங்கள். எழுதிய பிறகு பார்க்கட்டும். பணம் கட்டி வாங்கும் முடிவைவிடத் தானே கட்டிய முடிவு நன்றாக இருப்பதைப் பல பிள்ளைகள் கண்டுகொள்வார்கள். தனியாக நிற்க முடியாத கதை, எவ்வளவு பெரிய வரிசையில் வந்தாலும் குறையுள்ள கதையே என்பதும் அவர்களுக்கு மெல்ல விளங்கும்.

நான்காவது, இதுதான் முக்கியம். உங்கள் கதையையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைக்கு வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இவை புத்தகங்களில் இருக்கின்றன. பிள்ளைகள் என்றைக்கு வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். ஆனால் முதுகில் கூடை சுமந்து இந்தச் சரிவில் ஏறிய உங்கள் தாயாரின் கதை எந்தப் புத்தகத்திலும் இல்லை. எந்த லயத்தில் பிறந்தார், யாரோடு கொழுந்து எடுத்தார், எந்தத் தோட்டத்துக்கு மருமகளாகப் போனார் என்பதெல்லாம் அவர் நினைவில் மட்டும் இருக்கின்றன. இன்று இந்த மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் குடும்பங்களில் பல, பட்டணங்களுக்கு இறங்கிவிட்டன. ஒரு தோட்டத்துக் கதைக்கும் இன்னொரு தோட்டத்துக் கதைக்கும் கோடு போடத் தெரிந்த முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.

பிள்ளைகளிடம் கோடு போடும் திறமை இருக்கிறது. வட்டங்களை நிரப்பும் செய்தி முதியவர்களிடம் இருக்கிறது. இருவரும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். பாதி நேரம் இருவரும் பேசிக்கொள்வதே இல்லை.

ஆகவே இன்று இரவு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பிள்ளையின் முன்னால் வையுங்கள். முதலில் அவனுக்குப் பிடித்த மாவீரரின் குடும்பத்தை வரையட்டும். பிறகு தாளைத் திருப்பி, அவன் குடும்பத்தை வரையட்டும். புள்ளிக்கோடு வரும் இடமெல்லாம் பாட்டியையோ தாத்தாவையோ கூப்பிடுங்கள். வீட்டில் அவர்கள் இல்லாவிட்டால் தொலைபேசியில் கேளுங்கள். ஈப்போவில் இருந்தாலும் சரி, கிள்ளானில் இருந்தாலும் சரி, பேரப்பிள்ளை கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

இந்த அளவோடு உரையை முடித்துக்கொள்கிறோம்.